வெளுத்த பவளத்துக்கு எத்தனை ஆண்டு அவகாசம்?

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தனுஷ்கோடிக்குப் போய்வந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரை அடுத்த முறை கிட்டப்போய்ப் பாருங்கள். காரை உதிர்ந்த இடங்களில் கல்லின் மேல் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் நெருக்கமாகத் தெரியும். சில கற்களில் வளைந்து நெளிந்து வரிகள் ஓடும். அந்தக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது. அது முருகைக்கல், அதாவது கடலடியிலிருந்து பெயர்த்தெடுத்த பவளப்பாறை. பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று இந்தக் கரையின் பழைய ஊர்களில் எத்தனையோ சுவர்கள் இப்படி எழுந்தவை. சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது தனிக்கணக்கு. நம் முன்னோர் செய்ததைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. கல் மலை இல்லாத மணற்கரையில் கைக்கெட்டிய கல் அதுதான். ஆனால் நமக்கும் அந்தப் பாறைக்கும் உள்ள உறவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். குருசடை, முசல், மனோலி, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரியச்சல்லி, வான் தீவு என்று பெயர்களைச் சொன்னால் மீனவர்கள் ஒவ்வொன்றின் ஆழமும் நீரோட்டமும் சொல்வார்கள். இவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் இன்று நீருக்கு மேலே இல்லை. தீவுகளைச் சுற்றி, பெரும்பாலும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ உள்ள ஆழத்திலேயே, பவளப்பாறைகள். 1986-இல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசிய கடல்வாழ் பூங்கா ஆயிற்று. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இங்கே 117 வகைப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன.

பவளம் என்பது கல்லா, செடியா, விலங்கா என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். விலங்குதான். சில மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய உடல், நடுவில் வாய், சுற்றிலும் நுனிக்கரங்கள். பாலிப் என்கிறோம். ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒட்டிப் பிறந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பைப் படியவிட்டுக்கொண்டே மேலே வளர்கின்றன. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். மான்கொம்பு போலக் கிளைக்கும் வகைகள் அதைவிடப் பல மடங்கு வேகம். இந்த உடலின் திசுவுக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது சர்க்கரை சமைக்கிறது, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரைகூட இப்படி வருவதுண்டு. நாம் பார்த்து வியக்கிற பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தப் பாசியின் நிறம்.

கடல் நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி மட்டும் கூடி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால் போதும், உறவு முறிகிறது. சூடும் வெளிச்சமும் சேர்ந்து பாசியின் உணவு தயாரிக்கும் பொறியைப் பழுதாக்குகின்றன. அது நஞ்சான ஆக்சிஜன் வடிவங்களைக் கக்கத் தொடங்குகிறது. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணாடி போன்ற திசுவின் வழியே உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. இதைத்தான் வெளுப்பு என்கிறோம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளுத்த பவளம் செத்த பவளம் அன்று. அது பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும், நிறமும் வரும். குளிராவிட்டால் செத்துப்போகும், அதன் எலும்பின் மேல் வேறு பாசிகள் ஏறிக்கொள்ளும்.

மன்னார் வளைகுடாவில் இந்தச் சோதனைக்கென்று ஒரு பருவம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் காற்று நின்றுபோய்க் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். ஆழம் குறைந்த பாறைமேல் நீர் 31 டிகிரியைத் தாண்டுவது அப்போதுதான். பிறகு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்து நீரைக் கலக்கினால் சூடு தணியும். 2005 முதலே கோடையில் இங்கே வெளுப்பு பதிவாகிவருகிறது. பல ஆண்டுகளில் கச்சான் வந்ததும் பவளங்கள் மீண்டுவிட்டன. கச்சான் பிந்தினால், அல்லது அதற்கு முன்பே நீர் அளவுக்கு மீறிச் சுட்டுவிட்டால், அந்த ஆண்டு சாவு ஆண்டு.

பவளப்பாறை ஆய்வு ஏதோ ஆஸ்திரேலியாவில் தொடங்கி நமக்கு வந்த விஷயம் என்று சிலர் எண்ணுகிறார்கள். உலகப் பவளப்பாறைக் கருத்தரங்குகளின் வரிசையில் முதலாவது நடந்த இடம் நம் மண்டபம் முகாம். 1969 ஜனவரியில் நடந்தது. இரண்டாவது 1973-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைப் பகுதியில் நடந்தது. மண்டபத்தில் இருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கோபிநாத பிள்ளை போன்றவர்கள் நம் பவளங்களை வகை வகையாகப் பிரித்து எழுதிய காலம் அது. அதற்கும் முன்னால், 1920-களிலேயே சென்னை அருங்காட்சியகத்தார் குருசடைத் தீவின் உயிரினங்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். வெப்பத்தால் உலகம் முழுவதும் ஒரே காலத்தில் பவளம் வெளுக்கும் என்பதை 1969-இல் கூடியவர்களில் எவரும் கண்டதில்லை. அது முதலில் நிகழ்ந்தது 1998-இல்தான். 1969-இல் இங்கே கண்ணெதிரே இருந்த கேடு வேறு. கடப்பாரை.

வள்ளத்தில் போய்ப் பாறையைப் பெயர்த்து, கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தொழில் பல பத்தாண்டுகள் நடந்தது. ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பாறையில் 32 சதுர கிலோமீட்டர் கல்லெடுப்பாலும் பிற காரணங்களாலும் சிதைந்துபோனதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 2001-இல் பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். ஆனாலும் தூத்துக்குடிப் பக்கம் கல்லெடுப்பு உண்மையில் நின்றது சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான். சட்டம் செய்யாததை அந்த ஒரு காலை செய்தது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பெரலியவில் சமுத்திர தேவி ரயிலைச் சுனாமி புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே இடத்தில் மாண்டார்கள். அங்கே அலை சுமார் 10 மீட்டர் உயரம் எழுந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே வந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, பவளப்பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீட்டர். உள்ளே வந்தது 50 மீட்டர் அளவுதான். பெரலியக் கடலில் பாறையை வெட்டி எடுத்திருந்தார்கள். பாறை இருந்தால் எந்தச் சுனாமியையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கரையின் சாய்வு, அலை வரும் திசை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் அது. ஆனால் அன்றாட அலையின் வேகத்தைப் பாறை உடைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அதற்குச் சான்று தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு. 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த தீவு 2015 வாக்கில் 2 ஹெக்டேர்கூட இல்லாமல் தேய்ந்துவிட்டது. காவல் நின்ற பாறையை எடுத்துவிட்டதால் அலை நேரே மணலில் அடித்தது.

கல்லெடுப்பு நின்ற பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் இந்தத் தீவுகளைத் தொடர்ந்து அளந்துவருகிறது. 2003-05 காலத்தில் பாறைப் பரப்பில் உயிருள்ள பவளம் சராசரி 37 விழுக்காடு. 2009-இல் அது 43-ஐ நெருங்கியது. யாரும் எதையும் பெரிதாகச் செய்துவிடவில்லை. உடைப்பதை நிறுத்தினோம், அது தானே வளர்ந்தது. 2010 வெப்பத்தில் 33-க்கு விழுந்தது. மறுபடி ஏறி 39-ஐத் தொட்டது. 2016-இல் வந்த அடியில் 23-க்குச் சரிந்தது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்தக் கோடையில் மன்னார் வளைகுடாவும் வெளுத்தது, லட்சத்தீவும் வெளுத்தது.

இந்த எண்களைச் சரிவின் கதையாக மட்டும் வாசித்தால் பாதிதான் புரியும். 43-இலிருந்து விழுந்தது, எழுந்தது, மீண்டும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் எழ முயன்றிருக்கிறது. விழுவதற்கும் விழுவதற்கும் நடுவே எத்தனை ஆண்டு கிடைத்தது என்பதுதான் கேள்வி. 1998, 2010, 2016, 2024. முதல் இடைவெளி 12 ஆண்டு. அடுத்தது ஆறு. அதற்கடுத்தது எட்டு. உலகெங்கும் 100 பாறைப் பகுதிகளை எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. 1980-களின் தொடக்கத்தில் 25, 30 ஆண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெளுப்பு இப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்றது அது. லட்சத்தீவின் அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளில் 24 ஆண்டு தொடர்ந்து எடுத்த அளவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1998-இல் 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளம் 2022-இல் 20-க்கும் கீழே. அடுத்தடுத்த வெப்ப அலைகளில் சாவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, தாங்கக்கூடிய வகைகள் எஞ்சியிருப்பதால். ஆனால் மீட்சி வேகம் பிடித்ததோ வெளுப்பில்லாமல் ஆறு ஆண்டு கழிந்த பிறகுதான். அப்படி வேகம் பிடிக்கும் நேரத்தில் இப்போது அடுத்த வெளுப்பு வந்துவிடுகிறது.

பாறையின் உடல்நலத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். 20 மீட்டர் நாடாவைப் பாறைமேல் விரிப்பார்கள். முக்குளிப்பவர் நாடாவின் மேலேயே மெல்ல நீந்தி, அடியில் எது எந்த சென்டிமீட்டரில் தொடங்கி எங்கே முடிகிறது என்று நீர் புகாத தாளில் பென்சிலால் குறிப்பார். உருண்டைப் பவளம், செத்த பவளத்தின் மேல் பாசி, மணல், கடற்பஞ்சு, மறுபடி பவளம். நீர் கலங்கியிருந்தால் நாடாவின் எண்ணே தெரியாது. கூட்டிக் கழித்தால் விழுக்காடு வரும். எளிய முறை, நல்ல முறை. ஆனால் அந்த ஒற்றை எண்ணில் சில சங்கதிகள் மறைந்துபோகும். மான்கொம்பு வகைகள் செத்து உருண்டைப் பவளம் மட்டும் தங்கினாலும் விழுக்காடு ஓரளவு நிற்கும். மீன்குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இண்டு இடுக்கு இருக்காது. அதைவிடப் பெரிய மறைவு ஒன்று. ஓர் ஊரில் தலைகளை எண்ணி ஜனத்தொகை குறையவில்லை என்று நிம்மதி அடைகிறோம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்ப்பதில்லை. பாறையிலும் அதைத்தான் பார்க்க வேண்டும். விரல்நகம் அளவு, நாணயம் அளவு இளம் பவளங்கள் ஒரு சதுர மீட்டரில் எத்தனை ஒட்டியிருக்கின்றன? என்னைக் கேட்டால், செய்தித்தாளில் உயிர்ப்பவள விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணிக்கையும் வர வேண்டும்.

இங்கே மான்கொம்புப் பவளங்கள் பெரும்பாலும் மார்ச் மாதப் பௌர்ணமியை ஒட்டி முட்டையும் விந்தும் விடுகின்றன. சிசுக்கள் சில நாள் நீரில் மிதந்து, இறங்கி ஒட்ட இடம் தேடும். சுத்தமான கெட்டித் தரை வேண்டும். வண்டல் படிந்திருந்தால் ஒட்டாது. தடித்த பாசி மூடியிருந்தாலும் ஒட்டாது. ஒட்டிய கையோடு ஏப்ரல் வெயில் வந்துவிடுகிறது. இந்தச் சில வாரங்களில் தரை எந்த நிலையில் இருக்கிறது என்பது நம் கையில் இருக்கிறது. பாசியை மேய்ந்து தரையைச் சுத்தமாக வைப்பவை கிளிமீனும் ஓராவும். பாறையோரம் கூடு வைத்து அவற்றையே கணக்கில்லாமல் பிடித்தால் மேய்ச்சல் நின்றுவிடும். தள்ளுமடியும் இழுவைமடியும் பாறைக்கு அருகே வந்தால் வண்டல் கிளம்பும். கழிவுநீர் வந்தால் பாசிக்கு உரம். அறுந்த வலை பாறையில் சிக்கினால் அலைக்கு அலை கிளையை ஒடிக்கும்.

அயலிலிருந்து கொண்டுவந்த ஒரு பாசியின் கதையும் உண்டு. கப்பாஃபைகஸ், தென்கிழக்கு ஆசியாவின் பாசி. கூழ்மப் பொருள் எடுக்க மண்டபம் பக்கம் வளர்த்தார்கள். பல குடும்பங்களுக்கு வருமானம் வந்தது, அதை மறுக்க முடியாது. 2008-இல் குருசடைத் தீவின் உயிர்ப்பவளத்தின் மேல் அது படர்ந்து மூடியிருப்பது அறிவியல் இதழில் பதிவாயிற்று. பிறகு அருகிலுள்ள தீவுகளிலும் கண்டார்கள். கையால் பிய்த்தால் துண்டு துண்டாக ஒடிந்து, ஒவ்வொரு துண்டும் புதிதாக வளரும். பாசி வளர்ப்பை மறுபடி பெரிய அளவில் ஊக்குவிக்கும் இந்தக் காலத்தில், எந்தப் பாசியை, எந்த நீரோட்டத்தில், பாறையிலிருந்து எவ்வளவு தொலைவில் என்ற கேள்விகளைக் கேட்காமல் மிதவை கட்டக்கூடாது.

பாதுகாப்பு என்று சொல்லும்போதே யாரை வெளியேற்றுவது என்று யோசிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது. இந்தத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுத்துப் பிழைக்கும் பெண்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையிடுக்கில் இறங்குகிறார்கள். பூங்கா வந்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு நாளில் அத்துமீறியவர்கள் ஆகிவிட்டார்கள். அந்தப் பெண்கள் தாங்களே கூடி விதி வகுத்துக்கொண்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது, ஏப்ரல், மே காலத்தில் நிறுத்திவைப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது இந்தக் கூட்டு முயற்சிக்காகத்தான். நான் சற்று முன் சொன்ன மாதங்களை நினைத்துப் பாருங்கள். வெப்பம் பாறையை வாட்டும் அதே மாதங்களில் அந்தப் பெண்கள் பாறையிலிருந்து விலகி நிற்கிறார்கள். எந்த மேலாண்மைத் திட்டமும் இதைவிடப் பொருத்தமாக வகுத்திருக்க முடியாது.

மீட்புப் பணிகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஒடிந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலடியில் நடும் வேலை தூத்துக்குடிப் பக்கம் 20 ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. வான் தீவைச் சுற்றி 2015-இலிருந்து துளையிட்ட கான்கிரீட் கட்டுமானங்களை இறக்கினார்கள். தேய்மானம் தடைபட்டது, தீவு சற்றே விரியவும் செய்தது. கட்டுமானங்களின் மேல் பவளங்கள் தாமாகவே வந்து ஒட்டின. நல்ல வேலை, தொடர வேண்டும். காரியச்சல்லிக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால் நட்டுவைப்பது ஹெக்டேர் கணக்கு, இழந்தது சதுர கிலோமீட்டர் கணக்கு. அதோடு, நட்ட பவளமும் அதே வெந்நீரில்தான் இருக்கிறது. 2016-இல் பெருந்தடுப்புப் பாறையில் கண்டது இதுதான்: நன்றாகக் காக்கப்பட்ட பகுதியும் காக்கப்படாத பகுதியும் ஒன்றுபோல வெளுத்தன. காவல் வெளுப்பைத் தடுக்காது. வெளுத்துச் செத்த பிறகு அங்கே அடுத்த தலைமுறை எழுமா என்பதில்தான் காவலுக்குப் பங்கு இருக்கிறது.

வெளுப்பைத் தடுக்க வேண்டுமானால் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பது குறைய வேண்டும், வேறு வழியே இல்லை. புவி வெப்பம் 1.5 டிகிரி கூடினால் உலகின் வெப்பநீர்ப் பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 டிகிரி கூடினால் ஏறத்தாழ முழுவதும் போகும் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு 2018-இல் சொன்னது. 2023 முதல் நடந்த நான்காவது வெளுப்பில் உலகப் பாறைப் பரப்பில் 84 விழுக்காடு வெளுக்கும் அளவு சூட்டைக் கண்டுவிட்டது. 1998-இல் அது 21 விழுக்காடு. தூத்துக்குடிக் கரையிலேயே அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன, பவளத் தீவுகளும் இருக்கின்றன. இதைப் பேசாமல் பவளம் நடும் புகைப்படத்தை மட்டும் வெளியிடுவது நேர்மையாகாது.

கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. ஏப்ரல் முதல் ஜூன் வரை நம் பாறைகளில் முதலில் எங்கே வெளுக்கிறது என்பதை ஆய்வாளர்களின் படகைவிடப் பாசி எடுக்கும் பெண்களும் சங்குக்கு முங்குபவர்களும் முந்திப் பார்க்கிறார்கள். கரையின் பனையையும் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து நடுக்கடலில் ஒரு பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, அடையாளம் சொல்பவர்கள் அவர்கள். அவர்கள் கண்டதைத் தேதி, இடம், ஆழத்தோடு எழுதி வைக்கிற ஒரு குறிப்பேடு இந்தக் கரையின் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும். எழுதுவது நீங்களாக இருக்கட்டும், சொல்வது அவர்களாக இருக்கட்டும், அந்தப் பக்கங்களில் அவர்கள் பெயரும் இருக்கட்டும். கச்சான் எந்த நாளில் எழுந்தது என்பதையும் அதே ஏட்டில் குறியுங்கள். வெளுத்த பாறைக்கு அந்த ஆண்டு எத்தனை நாள் பட்டினி என்று அதிலிருந்து கணக்கிடலாம். அடுத்த மார்ச் பௌர்ணமிக்குப் பிறகு அதே இடத்தில் விரல்நகம் அளவு பவளங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள்.

இனி நீங்கள் கேள்வி கேட்கலாம்.